சாய்ந்த பலகையில் மழைநீர்க் கட்டர் பொருத்துவது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

டொரன்டோவுக்கு அருகே வாங்கியிருக்கும் பழைய வீட்டில் கூரை விளிம்பை ஒட்டிய ஃபேசியா பலகை சாய்ந்திருப்பதாகவும், கூரைத் தண்ணீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகும் கால்வாய் போன்ற கட்டரை அதன்மீதே திருகிவிடலாம் என்று வேலையாள் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கைமரங்களின் நுனியைக் கூரைச் சாய்வுக்குச் செங்கோணமாக வெட்டிப் பலகை அடித்திருந்தால், பலகையின் மேல்விளிம்பு வெளியே தள்ளியும் கீழ்விளிம்பு சுவர்ப்பக்கம் உள்வாங்கியும் நிற்கும். அதில் அப்படியே பொருத்தினால் கட்டரின் முன்விளிம்பு தாழ்ந்துவிடும். மன்னார்குடிப் பக்கத்துக்காரரான உங்களுக்கு, ஒரு கரை தாழ்ந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. என் முதல் வீட்டில் இப்படித்தான் திருகிவிட்டுப் போனார்கள். பெருமழை பெய்தபோதெல்லாம் தண்ணீர் முன்புறம் வழிந்து அஸ்திவாரத்தை ஒட்டியே இறங்கியது. குளிர்காலத்தில் வாசற்படிக்கு மேலே ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டி தொங்கியது. நம் ஊர் ஓட்டு வீட்டில் இறவாணத்துத் தண்ணீர் உயர்ந்த திண்ணைக்கு வெளியே விழுந்து தெருவோடு ஓடிவிடும். இங்கே வீட்டுக்கு அடியிலேயே நிலவறை இருப்பதால், சுவரோரம் விழும் தண்ணீர் நேரே அங்கேதான் கசியும்.

ஆகவே முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து, மேலே மெலிந்தும் கீழே தடித்தும் உள்ள மர ஆப்புகளைப் பலகையில் வைத்துக் கட்டரின் முதுகைச் செங்குத்தாக்குங்கள். 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் ஏறும் கூரையென்றால், 4 அங்குல உயர ஆப்பின் அடித்தடிப்பு சுமார் ஒன்றேகால் அங்குலம் வரும். ஆப்பு உளுக்காமலிருக்க மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும். திருகு, ஆப்பையும் பலகையையும் கடந்து கைமரத்தில் நன்றாக இறங்கும் நீளமுள்ளதாக இருக்க வேண்டும். கோணத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும் உலோகத் தாங்கிகளும் கடையில் கிடைக்கின்றன. கூரைமேல் அறைந்து தொங்கவிடும் பட்டைகளும் உண்டு என்றாலும், அவற்றுக்காகப் பழைய கூரையில் ஓடுபோல வேய்ந்திருக்கும் ஷிங்கிள்களை நெம்பித் தூக்க வேண்டியிருப்பதால் நான் அவற்றை விரும்புவதில்லை.

நீளவாக்கில் வாட்டம் கொடுப்பது அதற்குப் பிறகுதான். இறங்குகுழாயை நோக்கி 10 அடிக்குக் கால் அங்குலம் போதும். ரசமட்டம் வைத்து நூல் கட்டிக்கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். தாங்கிகளுக்கு இடையே 2 அடி விடுவது வழக்கமென்றாலும், பனியின் கனத்தை எண்ணி ஒன்றரை அடிக்குள் வைப்பதே நல்லது. கூரை விளிம்புத் தகடு கட்டருக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையேல் தண்ணீர் பின்புறமாக நுழைந்து பலகையை உளுக்கச் செய்யும். இறங்குகுழாயின் வாய் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

வேலை முடிந்ததும், தோட்டக் குழாயைக் கூரைமேல் திருப்பிக் கால்மணி நேரம் தண்ணீர் விட்டு, முன்விளிம்பில் ஒரு சொட்டும் வழியவில்லை என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.