மலையேற்றத்தில் 'திரும்பும் நேரம்' என்றால் என்ன? தலைவர்களே ஏன் அதை மீறுகிறார்கள்?

உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் இந்த மணிக்கு மேல் ஏறக்கூடாது என்று முன்கூட்டியே வைக்கும் கெடுதான் அது. 8,000 மீட்டருக்கு மேல் மூளைக்கே ஆக்சிஜன் போதாது; அங்கே நின்று யோசித்தால் உருப்படாது. அதனால் முடிவைக் கீழேயே எடுத்துவிடுகிறார்கள். நம் பெங்களூரில் கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டியவர், சிக்பேட்டைக் கடையில் பில் போட இன்னும் இரண்டே பேர் என்றாலும் துணியை வைத்துவிட்டுக் கிளம்புவாரே, அது மாதிரி.

1996 மே 10, எவரெஸ்ட். கெடுவான பிற்பகல் 2 மணி தாண்டியும், பணம் கட்டி ஏற வந்த வாடிக்கையாளர் ஒருவருக்காக உச்சியில் காத்திருந்தார் குழுத் தலைவர் ராப் ஹால். புயல் பிடித்தது. அந்த வாடிக்கையாளரை விட்டு இறங்காத ஹாலும் பிழைக்கவில்லை. வீரம்தான், சந்தேகமில்லை, ஆனால் அந்த வீரத்துக்கு அவசியம் வந்ததே கெடு தவறியதால்தான் என்பேன்.

திரும்புவது கோழைத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று மேலே ஏறுவோரின் வரிசை நகராததைப் பார்த்து முற்பகலிலேயே திரும்பிய ஹால் குழுவினர் மூவரும் உயிரோடு முகாம் சேர்ந்தார்கள்.