அரையாண்டு லீவுக்கு நீலகிரி: நான்கு பேருக்கு 18,000 ரூபாய் போதுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் குடியிருக்கிறோம். பையன் பத்தாவது, பொண்ணு பிளஸ் ஒன். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மூன்று நாள் குளிர்ப் பிரதேசம் எங்காவது கூட்டிப்போக ஆசை. கையில் 18,000 ரூபாய்தான் இருக்கிறது, சொந்தக் கார் கிடையாது. ஊட்டியில் கிறிஸ்துமஸ் வாரத்துக்குக் கேட்கிற அறை வாடகையில் ஒரே ராத்திரிக்குப் பாதிப் பணம் போய்விடும் போலிருக்கிறது. பிள்ளைகளோ, கோயில் டூர் என்றால் வரவே மாட்டோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: போதுங்க. ஆனால் ஊட்டியில் தங்க வேண்டாம். குன்னூரில் தங்கி, ஊட்டிக்கு ஒரு நாள் மட்டும் போய்வாருங்கள்.

முதலில் தேதி. செலவை ஊரை விடத் தேதிதான் தீர்மானிக்கிறது. கேரளத்துப் பள்ளிகளுக்கும் அதே சமயம் கிறிஸ்துமஸ் லீவு என்பதால் இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒன்றாக மலையேறும். டிசம்பர் 24, 25, அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறு, பிறகு 31, 1 ஆகிய நாட்களை விட்டுவிடுங்கள். இடையில் கிடைக்கும் வாரநாட்களில் போய், 30ஆம் தேதி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரே அறைக்கு 28ஆம் தேதி ஒரு விலையும் 31ஆம் தேதி வேறு விலையும் சொல்வார்கள்.

அடுத்தது பிள்ளைகளின் வயது. பன்னிரண்டு வயது முடிந்தால் பஸ்ஸிலும் ரயிலிலும் முழு டிக்கெட். லாட்ஜிலும் "சின்னப் பசங்கதானே" என்று சொல்லி நால்வரையும் ஒரே கட்டிலில் சமாளிக்க முடியாது. ஆகவே நான்கு பெரியவர்களுக்கான கணக்காகவே போடுங்கள். அறைக்கு இரண்டு இரவும் சேர்த்து 7,000, சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 வீதம் 4,800, பஸ், ரயிலுக்கு 2,500, ஆட்டோ, நுழைவுச் சீட்டுக்கு 2,500. மீதி 1,200ஐத் தனிக் கவரில் வையுங்கள். மழையில் பாதை மாறினாலோ, யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

அறைதான் பெரிய செலவு, ஏமாறுவதும் அங்கேதான். மொபைல் செயலியில் விலையைப் பார்த்துக்கொண்டு, அதே லாட்ஜுக்கு நேராகப் போன் போடுங்கள். இரண்டு டபுள் காட் உள்ள, நான்கு பேர் படுக்கும் அறையாகக் கேளுங்கள். டபுள் ரூம் எடுத்து எக்ஸ்ட்ரா பெட் இரண்டு போட்டால் பெரும்பாலும் விலை கூடும், நடக்கவும் இடமிருக்காது. வெந்நீர் எந்த நேரத்தில் வரும், அது குழாயிலா பக்கெட்டிலா, ஆளுக்கு எத்தனை கம்பளி, ரூம் ஹீட்டருக்குத் தனிக்காசா, செக் அவுட் 24 மணி நேரமா பகல் 12 மணியா, அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பதையெல்லாம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் வெந்நீர் என்றால் தூங்குமூஞ்சிப் பிள்ளைகள் இருவரில் ஒருவராவது பச்சைத் தண்ணீரில் குளிக்க நேரும். அனுமதி இல்லாத காட்டேஜ்களுக்கு அதிகாரிகள் சீல் வைப்பதும் உண்டு. பில் தர மாட்டோம் என்கிற இடத்துக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நால்வரின் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

கோபியிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து குன்னூர் பஸ். அரசு பஸ்ஸில் போவதால் இ-பாஸ் கவலை இல்லை. வெளியூர்க் கார்களுக்குத்தான் அது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வருகிறவர்களைப் பஸ்ஸின் முன்பாதியில் உட்கார வையுங்கள், பின்சீட்டில் ஆட்டம் அதிகம். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது, இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதானால் மேட்டுப்பாளையத்திலேயே, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பு. கல்லாறு தாண்டியதும் எல்லோரும் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். வளைவில் திரையைப் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் ஆசை இருந்தால், முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். டிசம்பர் 27 பயணத்துக்கு அக்டோபர் 28 காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். அப்படிக் கிடைத்தாலும் அதை நம்பி மொத்தத் திட்டத்தையும் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயில் ரத்தாவது வாடிக்கை. பணம் திரும்பி வரும், நாள் வராது. குன்னூர்–ஊட்டி ரயிலே உங்களுக்குப் போதும். 19 கிலோமீட்டர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். முன்பதிவு இல்லாத இரண்டாம் வகுப்புச் சீட்டை ஸ்டேஷனிலேயே தருவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக ஒருவர் வரிசையில் நிற்கட்டும்.

முதல் நாள் மதியம் குன்னூர் சேர்ந்து, சிம்ஸ் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும்.

ஏனென்றால் இந்தப் பயணத்தில் பிள்ளைகள் மறக்காமல் வைத்திருக்கப் போவது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான புல்வெளிகளில் அது விழுகிறது. மேட்டில் உள்ள குளிர்காற்று கனத்தால் பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால்தான் சரிவை விட அடிவாரப் புல்லில் முதலில் வெள்ளை படிகிறது. வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருக்கும் இரவில்தான் விழும். மேகம் இருந்தால் அது கம்பளி போர்த்தின மாதிரி தரையின் சூட்டை வெளியே விடாது. ஆகவே ராத்திரி நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள். காலை ஆறு மணிக்குள் பஸ் ஏறினால் ஏழு மணிவாக்கில் ஊட்டி. தலைக்குந்தா வரை போனால் இன்னும் நன்றாக இருக்கும், நேரமில்லை என்றால் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பழைய குதிரைப் பந்தய மைதானப் பக்கமே பார்க்கலாம். ஒவ்வொரு புல்நுனியிலும் உப்புக்கல் மாதிரி படிந்து, விரல் பட்டதும் நீராகும். வெயில் ஏறினால் எட்டரைக்குள் எல்லாம் போய்விடும்.

அதன்பின் தாவரவியல் பூங்கா. மதியம் இரண்டு மணி நேரம் இருவர் கையிலும் முந்நூறு முந்நூறு ரூபாய் கொடுத்து, கூடும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, சேரிங் கிராஸ் கடைத்தெருப் பக்கம் தனியாக விட்டுவிடுங்கள். அம்மா அப்பா நிழலிலேயே மூன்று நாளும் நடத்தினால் அந்த வயதுக்கு முகம் தூக்கத்தான் தோன்றும். பஸ் நேரம் பார்ப்பது, அன்றாடக் கணக்கு எழுதுவது ஆகியவற்றையும் அவர்களிடமே கொடுங்கள். குன்னூருக்குத் திரும்பும்போது மேலே சொன்ன ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். புத்தக மூட்டை வேண்டாம். பொதுத்தேர்வுப் பையனுக்கு இந்த மூன்று நாள் ஓய்வு கட்டாயம் தேவை.

மூன்றாம் நாள் காலையிலேயே லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கை மஞ்சு மூடிவிட்டால் எதிரே கேத்தரின் அருவி தெரியாது. ஆட்டோவுக்குக் காத்திருப்பு நேரமும் சேர்த்துப் போகும் முன்பே பேசி முடியுங்கள். பைகளை லாட்ஜிலேயே வைத்துவிட்டுப் போகலாம். திரும்பும்போது கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் பார்க்காத மலைப்பாதை ஒன்றையும் பார்த்ததாகும். நீங்கள் ஏறி வந்த பர்லியார் பாதையில் மண் சரிந்தாலும் இதே வழிதான்.

குளிர் உடைக்காக ஊட்டியில் காசைக் கொட்ட வேண்டாம். முன்பே திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு நடை போய்வந்தால் ஹூடியும் உள்ளே போடும் முழுக்கை பனியனும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். தடித்த ஸ்வெட்டரைப் போட மறுக்கும் பிள்ளைகள் ஹூடியை மறுக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் அவசியம், பனிப்புல்லில் நடந்தால் ஒரு ஜோடி நனைந்துவிடும்.

நவம்பர் கடைசிக்குள் ஒரு இரவுக்கு 3,500 ரூபாய்க்குள் நான்கு பேர் அறை அமையவில்லை என்றால் குன்னூரை விட்டுவிட்டு நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்குப் போங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். உறைபனி கிடையாது, மிதமான குளிர்தான். மழைக்காலம் முடிகிற நேரம் என்பதால் ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் நன்றாக விழும். ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடுங்கள். மழை பெய்து வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள் என்பதால் கிளம்பும் முன் லாட்ஜுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடம் செம்மேட்டில், எண்ணிக்கை குறைவு; அங்கேயும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.