மாத்தேக்கு மார்க் போடுறது எப்படி? யெர்பா வாங்குறவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: அக்கா, நான் பியூனஸ் அயர்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆகுது. ஆபீஸ்ல எல்லாரும் கையில மாத்தேயோட (இலையில வெந்நீர் ஊத்தி குழாயால உறிஞ்சுற பானம்) அலையுறாங்களேன்னு சூப்பர்மார்க்கெட் ஆஃபர்ல ஒரு கிலோ யெர்பா (அதுக்குப் போடுற காஞ்ச இலை) வாங்கிட்டேன். முதல் வாய் உறிஞ்சினதும் அடுப்பு சாம்பலைப் போட்டு கஷாயம் வச்ச மாதிரி கசப்பு, நாலாவது தடவை ஊத்துறப்ப வெறும் வெந்நீர். மட்டமான சரக்கை தலையில கட்டிட்டாங்களா?

பதில்: தம்பி, பாக்கெட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, தண்ணியை கொதிக்க கொதிக்க ஊத்துனீங்களா? நாலாவது ஊத்துலயே சப்புன்னு ஆயிடுச்சுன்னதுமே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. நமக்கு டீன்னா தளதளன்னு கொதிக்கணும், அந்தப் பழக்கத்துல முதல் மாசம் பூரா நானும் இதையேதான் பண்ணேன். மாத்தேக்கு 70லருந்து 80 டிகிரி போதும். இங்க விக்குற எலக்ட்ரிக் கெட்டில் பலதுல மாத்தேக்குன்னே ஒரு செட்டிங் இருக்கும் பாருங்க, கொதி வர்றதுக்கு முன்னாடியே ஆஃப் ஆயிடும். கொதிதண்ணியை ஊத்துனா கசப்பு மொத்தமும் ஒரே அடியா இறங்கிடும், அப்புறம் ஊத்துறதுக்கு இலைல என்ன மிச்சம் இருக்கும்? அப்படி ஆனதை இவங்க லவாதோன்னு சொல்வாங்க, கழுவிப்போனதுன்னு அர்த்தம்.

அப்புறம் முதல் வாய் யாருக்குமே நல்லா இருக்காது. நாலு பேர் சேர்ந்து உக்காந்தா முதல் மாத்தேயை ஊத்திக்குடுக்குறவரே குடிச்சு முடிச்சுடுவார், அதுக்கு இங்க பேரே முட்டாளோட மாத்தே. நீங்க அதை வச்சு ஒரு கிலோவுக்கு தீர்ப்பு எழுதிட்டீங்க! ஒரு யெர்பாவுக்கு மார்க் போடணும்னா ஒரு ஃப்ளாஸ்க் தண்ணி தீரணும், அதுக்கு முன்னாடி வாயைத் திறக்கக்கூடாது.

நான் எப்படிப் பாக்குறேன்னு சொல்றேன். முதல்ல ரெண்டு ஸ்பூனை வெள்ளைத் தட்டுல கொட்டி ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. அர்ஜென்டினா யெர்பான்னா மஞ்சள் கலந்த மங்கல் பச்சைல இருக்கணும், இலைத்துண்டு, குச்சி, தூள் மூணும் கண்ணுக்குத் தெரியணும். கறுத்துப்போன துண்டு நிறைய கிடந்தா தீயில வாட்டுறப்ப கருகியிருக்குன்னு அர்த்தம் (பறிச்ச இலையை உடனே சில நொடி நெருப்புல காட்டி எடுப்பாங்க, இல்லன்னா இலை கறுத்துடும்). அப்புறம் மோந்து பாருங்க, காஞ்ச வைக்கோல் வாசனை, லேசா புகை, கொஞ்சம் மரவாசனை வந்தா ஓகே. புழுங்கின துணி மாதிரி வந்தா ஈரம் ஏறியிருக்கு, அதைக் குடிக்கவே வேண்டாம், பில்லை எடுத்துட்டு கடைக்குப் போங்க.

குடிச்சுப் பாக்குறதுக்கு இங்க வழக்கமா மாத்தே குடிக்கிற சுரைக்குடுக்கை வேண்டாம், அது முன்னாடி போட்ட யெர்பாவோட வாசனையை எல்லாம் புடிச்சு வச்சிருக்கும். கண்ணாடி டம்ளர் இல்ல பீங்கான் கப் எடுங்க. முக்கால்வாசிக்கு கொஞ்சம் கம்மியா யெர்பாவைப் போட்டு, வாயை உள்ளங்கையால மூடி, கவுத்து ரெண்டு குலுக்கு குலுக்குங்க, கையில ஒட்டுற தூளே உங்களுக்கு ஒரு கதை சொல்லும். யெர்பாவை ஒரு பக்கமா சாய்ச்சு சின்ன மேடு மாதிரி வச்சுட்டு, பள்ளத்துல வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் விட்டு, அது ஊறுற வரைக்கும் பொறுங்க. அப்புறம் அந்த ஈரப் பக்கத்துல பொம்பிஷாவை (அதான் அந்த வடிகட்டிக் குழாய்) சொருகிட்டு அதுக்கப்புறம் அசைக்கவே அசைக்காதீங்க, கலக்கவும் கூடாது, நம்ம ஆளுங்க எல்லாரும் காபி மாதிரி கலக்கிவிட்டுட்டு அடைச்சுக்குச்சுன்னு அழுவுறது இதனாலதான். ஊத்துறப்ப எப்பவும் குழாய் பக்கத்துல அதே இடத்துல ஊத்தணும், மேடு காஞ்சே இருக்கட்டும், அதுதான் பத்தாவது ஊத்துக்கு உங்க சேவிங்ஸ்.

முதல் ரெண்டை கணக்குல எடுக்காதீங்க. மூணுலருந்து ஆறு வரைக்கும்தான் உண்மையான ருசி. இங்க கசப்பையும் துவர்ப்பையும் பிரிச்சுப் பாருங்க, நமக்கு ரெண்டும் பழகின சமாச்சாரம்தானே. பாகற்காய் மாதிரி வந்துட்டுப் போற கசப்பு தப்பில்ல, கொட்டைப்பாக்கு கடிச்ச மாதிரி நாக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குதுன்னா அது எனக்கு மைனஸ். கசப்பு போனப்புறம் பின்னாடி லேசா ஒரு இனிப்பு வருதான்னு பாருங்க. நுரையை வச்சு மட்டும் தரம் சொல்லாதீங்க, அது இலைல இருக்குற சப்போனின்ங்குற பொருள் பண்ற வேலை. ஆனா ஊத்த ஊத்த நுரை வராம போச்சுன்னா சத்து இறங்கிடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம். பத்து ஊத்துக்கு மேலயும் ருசி நின்னா நல்ல யெர்பா.

ரெண்டு பிராண்டை கம்பேர் பண்றதா இருந்தா ஒரே மாதிரி ரெண்டு டம்ளர், ஒரே ஃப்ளாஸ்க், எது எதுன்னு உங்களுக்குத் தெரியாம வேற யாராவது போட்டுக் குடுக்கணும். நான் அப்படிப் பண்ணப்ப இத்தனை நாளா தலையில தூக்கி வச்சு ஆடின காஸ்ட்லி பாக்கெட் தோத்துச்சு, வீட்டுல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

கேள்வி: அந்த பாக்கெட் மேல என்னென்னமோ போட்டிருக்கே, கோன் பாலோ, சின் பாலோ, சுவாவே, இத்தனை மாசம் எஸ்தாசியோனாதான்னு. எதுக்கு காசு குடுக்கலாம் மேடம்?

பதில்: சார், பாலோன்னா குச்சி. கோன் பாலோ குச்சியோட, சின் பாலோ குச்சி இல்லாம. அர்ஜென்டினா உணவுச் சட்டப்படி குச்சியோட உள்ளதுல 35 சதவீதம் வரைக்கும் குச்சி இருக்கலாம், குச்சி எடுத்ததுல 10 வரைக்கும். கலப்படம்னு நெனச்சுடாதீங்க, குச்சி ருசியை மென்மையாக்கும், தண்ணி இறங்கவும் வழி விடும். புதுசா ஆரம்பிக்கிறவங்க குச்சியோட வாங்குங்க. சுவாவேன்னா மைல்டு.

கூடக் காசு குடுக்கலாம்னு நான் நினைக்கிறது எஸ்தாசியோனாதா ஒண்ணுக்குத்தான், அதாவது பழசாக்கினது. காஞ்ச இலையை 9லருந்து 24 மாசம் வரைக்கும் மூட்டைல அப்படியே வச்சிருப்பாங்க, பச்சை நெடி போய் ருசி பக்குவமாகும், நம்ம பழைய அரிசி கதைதான். சூடு, ஈரப்பதம் கட்டுப்படுத்தின ரூம்ல வச்சு ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கிற ஷார்ட்கட்டும் இருக்கு, அதுவும் சட்டப்படி சரிதான், ஆனா எத்தனை மாசம்னு பாக்கெட்ல தெளிவா போட்டிருந்தா எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடும். பார்பாக்வான்னு இருந்தா விறகுச் சூட்டுல நிதானமா காயவச்சது, புகை தூக்கலா இருக்கும். அந்த ஒரு கிலோ தம்பிக்கு ஆகவே ஆகாது. கொம்புவெஸ்தான்னா புதினா மாதிரி மூலிகை கலந்தது, குடிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல யெர்பாவோட தரம் தெரியாது.

பிராண்ட் கேப்பீங்க, என் நாக்குக்கு கொரியென்டெஸ் மாகாணத்து ப்ளாஷாதீத்தோ சாது, மிசியோனெஸ் மாகாணத்து ரோசாமோன்டே முரடு, தராகுய் நடுவுல. எதா இருந்தாலும் முதல்ல அரைக் கிலோ வாங்குங்க. விலையை கிலோவுக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாத்துடுங்க, ஆஃபர் ஸ்டிக்கரை நம்பாதீங்க. வீட்டுக்கு வந்ததும் டைட்டான டப்பாவுல போட்டு வாசனை இல்லாத இடத்துல வைங்க, நான் ஒரு தடவை மசாலா டப்பா பக்கத்துல வச்சுட்டு அரைக் கிலோவையும் சீரக மாத்தேயா குடிச்சுத் தீர்த்தேன்.

கேள்வி: அக்கா நான் உருகுவேல, மொண்டெவிதேயோல இருக்கேன். இங்க வாங்குன கனாரியாஸ் பிராண்ட் யெர்பா மாவு மாதிரி இருக்கு, பொம்பிஷா அடைச்சுக்குது. டூப்ளிகேட்டா?

பதில்: டூப்ளிகேட் எல்லாம் இல்லம்மா, உருகுவே ஸ்டைலே அதுதான், நைசா அரைச்சு, குச்சி ரொம்பக் கம்மியா. இவ்வளவு குடிக்கிற ஊர்ல யெர்பா வணிகமா விளையறதில்ல, கிட்டத்தட்ட எல்லாமே பிரேசில்லருந்து வர்றதுதான், கனாரியாஸும் அப்படித்தான். உங்க கையில இருக்குறது அர்ஜென்டினா அரைப்புக்கு செஞ்ச பொம்பிஷாவா இருக்கும், ஓட்டை சின்னதா இருக்குறதா ஒண்ணு அங்கயே வாங்கிக்குங்க. ஆனா தெற்கு பிரேசில்ல குடிக்கிற ஷிமாஹாவோன்னு ஒண்ணு இருக்கு, அது இன்னும் நைசு, பழசாக்காம ஃப்ரெஷ்ஷா விக்கிறது, பளீர் பச்சை. அதை வாங்குனா தேதி பாத்து வாங்கி சீக்கிரம் முடிச்சுடுங்க, அந்தப் பச்சை மங்குச்சுன்னா அதோட அழகே போச்சு.

கேள்வி: மாத்தேல காஃபின் இல்ல, மாத்தேயினாதான் இருக்குன்னு கடைக்காரர் சொல்றார். எங்கம்மா என்னடான்னா கேன்சர் வரும்னு வாட்ஸப்ல அனுப்புறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: கடைக்காரர் சொல்றது தப்பு, மாத்தேயினாங்குறதும் காஃபின்தான், ராத்திரி ஒம்பது மணிக்கு குடிச்சுப் பாத்தா தெரியும். அம்மா சொல்றதுல பாதி உண்மை இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல சொன்னது, 65 டிகிரிக்கு மேல ரொம்ப சூடா எதைக் குடிச்சாலும் உணவுக்குழாய் புற்றுநோய்க்கு வாய்ப்பு இருக்கலாம்னு, பிரச்சினை அந்தச் சூடு. ரொம்ப சூடில்லாத மாத்தேயை அவங்க அந்தப் பட்டியல்ல சேர்க்கல. 75ல ஊத்துனாலும் உடனே உறிஞ்சாம கொஞ்சம் ஆறவிடுங்க. புகைல காயவச்சதுல புகையோட வேண்டாத கெமிக்கல்ஸும் கொஞ்சம் ஒட்டும், அது உறுத்துச்சுன்னா சின் ஊமோ, அதாவது புகை இல்லாததுன்னு போட்ட பாக்கெட் கிடைக்குது. ருசி கொஞ்சம் மொட்டையா இருக்கும். இல்லன்னா பராகுவேக்காரங்க மாதிரி ஐஸ் தண்ணி ஊத்தி தெரெரேயா குடிங்க, இங்கத்த ஜனவரி கோடை வெயிலுக்கு அதுதான் சரி, அம்மாவும் ஒண்ணும் சொல்ல முடியாது.