மைதானத்து வாத்தியார் பதில்கள்

கேள்வி: என் மகன்கள் இருவரும் இந்த ஆண்டுதான் ஊர்க் கபடி அணியில் சேர்ந்தார்கள். பெரியவனுக்கு 13 வயது, சின்னவனுக்கு 11. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு போன சின்னவன் இப்போது ரெய்டு போகிறான், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறான்; எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஆசைப்பட்டுச் சேர்ந்த பெரியவனோ ஐந்து ஆட்டமாக வெளியே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் இருவருக்கும் பேச்சே இல்லை. சின்னவனை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி பக்கம்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நிறுத்தினால் பழி பெரியவன் தலையில்தான் விழும்.

அணியில் 12 பேர் வரை இருந்தாலும் களத்தில் இறங்குவது 7 பேர். மற்றவர்கள் வெளியே இருந்துதான் ஆகவேண்டும். அதுவும் 13 வயதில் கைகால் மளமளவென்று நீளும், உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காது. போன வருஷம் துள்ளிப் பாய்ந்த பையன் இந்த வருஷம் தன் காலே தடுக்கி விழுவான். 31 வருஷம் விசில் ஊதியதில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

சரி, அவனுக்கு ரெய்டு போக ஆசையா, பிடிக்க ஆசையா? யாராவது கேட்டீர்களா?

நானும் ஓர் அண்ணன்தான். என் தம்பி கெண்டை மீன் மாதிரி நழுவுவான். நான் உரல் மாதிரி. ஒரு பொங்கல் ஆட்டத்தில் அவன் அவுட் ஆகிக் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தான். கபடியில் அவுட் ஆனவன் தானாக உள்ளே வர முடியாது. எதிராளி ஒருவன் அவுட் ஆனால்தான் நம் ஆள் ஒருவன் வரிசைப்படி திரும்பி வரலாம். போனஸ் கோட்டைத் தாண்டிப் போனஸ் புள்ளி எடுத்தால்கூட ஆள் வராது. இடது கார்னரில், அதாவது பிடிக்கிற வரிசையின் இடது ஓரத்தில் நின்ற நான், ரெய்டு வந்த எதிராளியின் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினேன். பக்கத்தில் நின்றவன் பாய்ந்து அமுக்கினான். தம்பி உள்ளே ஓடி வந்தான். அன்று ராத்திரி என் தட்டிலிருந்த கறித்துண்டில் அவன் கைவைக்கவில்லை. எங்கள் வீட்டில் நன்றி சொல்வது அவ்வளவுதான்.

பயிற்சி தருபவரிடம் பேசிப் பெரியவனைக் கார்னரில் நிறுத்தச் சொல்லுங்கள். தினமும் 20 நிமிஷம் சின்னவன் அவன்மேல் ரெய்டு போகட்டும். தம்பி எந்தக் காலை நீட்டி ஏமாற்றுவான், எந்தப் பக்கம் திரும்புவான் என்பதெல்லாம் பாயில் உருண்டு சண்டை போட்ட அண்ணனுக்குத் தெரியாதா? ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதில் அரை விநாடி முந்தினால் பிடி கிடைத்துவிடும். இருவருக்கும் ஒரே பயிற்சியில் லாபம்: சின்னவனும் புதிதாக ஏதாவது ஏமாற்று கற்றுக்கொண்டே தீரவேண்டும். மொட்டைமாடியில் மட்டும் இது வேண்டாம். கல் பொறுக்கிய மண்ணில் ஆடட்டும்.

“தம்பியைப் பார்த்துக் கத்துக்கோ” என்று யார் சொன்னாலும், மாமியாரே ஆனாலும், வாயை அடைத்துவிடுங்கள். சாப்பிடும்போது புள்ளிக்கணக்குப் பேச்சும் வேண்டாம்.

கேள்வி: அண்ணன் கபடிக்குப் போவதைப் பார்த்து 10 வயது மகளும் அடம்பிடிக்கிறாள். அனுப்பலாமா? ஒரே அணியில் ஆட முடியுமா?
– ஒரு தந்தை, நீடாமங்கலம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். இந்த வயதில் பயிற்சி சேர்ந்தே நடக்கலாம். போட்டி என்று வந்தால் பெண்களுக்குத் தனி அணி. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பையன்களும் பெண்களும் கபடியில் தங்கம் வாங்கினார்கள். பையன்கள் அணியில் உங்கள் பக்கத்து வடுவூர் அபினேஷ், பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. உங்கள் மகளுக்கு இந்தச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கொலுசு, வளையல், கம்மல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அனுப்புங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கை காலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நடுவர் துடைத்துவிட்டு வா என்பார். அது விதி.