ஆல்ப்ஸில் சைக்கிள் பயணம்: கடன் வாங்குவதா, ஃபண்டை விற்பதா?

கேள்வி: கோயம்புத்தூரில் பம்ப் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 43. பத்து ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் பலமுறை ஏறியிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஜூலையில் நண்பர் ஒருவருடன் பிரான்ஸில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து நீஸ் நகரம் வரை ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியாகச் சைக்கிளில் செல்ல விரும்புகிறேன். சுற்றுலா நிறுவனம் ஒன்று ஆளுக்கு ரூ.6.4 லட்சம் கேட்கிறது. கைக்கு வரும் சம்பளம் ரூ.1.15 லட்சம். வீட்டுக் கடன் தவணை ரூ.34,000, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்கான எஸ்.ஐ.பி. (ஃபண்டில் மாதாந்திர முதலீடு) ரூ.12,000, குடும்பச் செலவு ரூ.47,000 போக மாதம் ரூ.22,000 மிஞ்சுகிறது. வைப்பு நிதியில் ரூ.3 லட்சமும், மகளுக்கான பங்குச் சந்தை ஃபண்டில் ரூ.6.2 லட்சமும் உள்ளன. தீபாவளி போனஸ் ரூ.90,000 வரும். தனிநபர் கடன் ரூ.5 லட்சம் வாங்குவதா, ஃபண்டை விற்பதா? யூரோவை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: இரண்டு வழிகளைக் கேட்டிருக்கிறீர்கள், இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ரூ.5 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.16,850 ஆகும், மொத்த வட்டி மட்டும் ரூ.1.06 லட்சத்தைத் தொடும். நீங்கள் நீஸ் கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகும், மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் வரை அந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். ஃபண்டை விற்பதில் வரி பெரிய தடையல்ல. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குச் சந்தை ஃபண்டின் லாபத்தில் ஒரு நிதியாண்டில் ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் 12.5 சதவீத வரி. ஆனால் அது உங்கள் பணமல்ல, நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படப் போகும் மகளின் பணம். வைப்பு நிதியிலும் கை வைக்காதீர்கள். வீட்டுச் செலவும் கடன் தவணையும் சேர்ந்து மாதம் ரூ.81,000 ஆகிறபோது, அந்த ரூ.3 லட்சம் நான்கு மாதத்துக்குக்கூட முழுதாகக் காணாது.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி, கையில் இருக்கும் பதினொரு மாதங்கள். மாதம் ரூ.22,000 வீதம் ரூ.2.42 லட்சம், போனஸோடு சேர்த்து ரூ.3.32 லட்சம், வங்கித் தொடர் வைப்பின் வட்டியாகச் சில ஆயிரங்கள். ஆகவே, இந்தப் பயணத்தை ரூ.3.36 லட்சத்துக்குள் செய்ய முடியுமா என்பதே உண்மையான கேள்வி. முடியும் என்று நினைக்கிறேன், கணக்கைப் பாருங்கள்.

நீங்கள் குறிப்பிடும் தடம் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள தோனோன் நகரில் தொடங்கி நீஸில் முடிவது, சுமார் 720 கிலோமீட்டர். தூரத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். வழியிலுள்ள கணவாய்களின் மொத்த ஏற்றம் 17,000 மீட்டரைத் தாண்டும். இஸெரான் கணவாய் 2,764 மீட்டர் உயரத்தில் உள்ளது. பூர்-சான்-மோரிஸ் ஊரிலிருந்து அதற்கு ஏறும் 48 கிலோமீட்டர் சாலையில் ஏறத்தாழ 1,950 மீட்டர் உயர வேண்டும்; நீங்கள் பழகிய மேட்டுப்பாளையம் - ஊட்டி ஏற்றமும் தூரத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய இதே அளவுதான். வேறுபாடு என்னவென்றால், ஊட்டிக்கு ஏறிய மறுநாள் நீங்கள் வீட்டில் ஓய்வெடுப்பீர்கள். அங்கே மறுநாளோ அதற்கடுத்த நாளோ 2,642 மீட்டர் உயரக் கலிபியே கணவாய் காத்திருக்கும். இதை ஒரு நிதி ஆலோசகர் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். உடல் தளர்ந்து ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அதற்கடுத்த முன்பதிவுகள் அனைத்தும் சரியும் என்பதால், ஓய்வு நாளும் ஒரு செலவுத் தலைப்பே. எனவே ஓட்டும் நாட்கள் பன்னிரண்டு, ஓய்வு இரண்டு, இரு முனைகளிலும் சேர்த்து மூன்று என மொத்தம் பதினேழு நாட்களாகக் கணக்கிடுகிறேன்.

ஒரு யூரோவுக்கு ரூ.110 என்று வைத்துக்கொள்வோம். மலைக் கிராமங்களில், பலர் சேர்ந்து உறங்கும் அறையும் இரவு உணவும் காலை உணவும் சேர்த்துத் தரும் எளிய விடுதிகள் உண்டு. அதற்கு 60 யூரோ, பகலில் ரொட்டி, பாலாடைக்கட்டி, காபி, பழம் இவற்றுக்கு 25 யூரோ. நாளுக்கு 85 யூரோ வீதம் பதினேழு நாட்களுக்கு 1,445 யூரோ, அதாவது ரூ.1.59 லட்சம். ஜெனீவாவில் இறங்கி நீஸிலிருந்து திரும்பும் விமானத்துக்கு ரூ.80,000. விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தோடு ரூ.12,000. காப்பீட்டுக்கு ரூ.6,000. சைக்கிள் பெட்டி, விமானத்தில் அதற்கான கட்டணம், உள்ளூர் ரயில் ஆகியவற்றுக்கு ரூ.20,000. செயின், டயர், பிரேக் பேட் ஆகியவற்றை மாற்ற ரூ.15,000. கூட்டினால் ரூ.2.92 லட்சம், அதன் மேல் எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் கைக்காப்பாகச் சேர்த்தால் ரூ.3.36 லட்சம். பிரேக் பேடில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கலிபியேயிலிருந்து இறங்கும்போது அது தேய்ந்துபோனால், அடுத்த சைக்கிள் கடை மலைக்குக் கீழேதான் இருக்கும்.

சுற்றுலா நிறுவனம் கேட்கும் ரூ.6.4 லட்சத்தில் மூட்டை சுமக்கும் வேன், உடன்வரும் மெக்கானிக், நல்ல ஓட்டல்கள் எல்லாம் அடங்கியிருக்கலாம். அதைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து ஆண்டுகள் ஓட்டிய ஒருவர் மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்துச் சுமையை இறக்கி வைக்கத்தான் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வரி வழியிலும் ஒரு வேறுபாடு உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்னும் மூல வரி வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். நீங்களே விமானச் சீட்டைத் தனியாகவும் விடுதியைத் தனியாகவும் பதிவு செய்து, செலவுக்கு அந்நியச் செலாவணி வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி ஒரு நிதியாண்டில் ரூ.10 லட்சம் வரை இந்தப் பிடித்தம் இல்லை.

இப்போது, நீங்கள் முடிவு செய்துவிட்டதாக நினைக்கும் ஜூலை மாதத்துக்கு வருவோம். நம் ஊரில் கோடை என்றால் ஏப்ரல், மே. ஆல்ப்ஸின் உயரமான கணவாய்களில் அப்போது பனி அகன்றிருக்காது. இஸெரான் சாலை வழக்கமாக ஜூனில்தான் திறக்கும். அதனால் ஜூலையைத் தேர்ந்தெடுத்தது சரியே. ஆனால் ஜூலைத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறை. அத்துடன் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயமும் ஜூலையில்தான். பந்தயம் கடக்கும் கணவாயின் இருபுறமும் உள்ள ஊர்களில் அந்த நாட்களில் படுக்கை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை வேறு. அடுத்த ஆண்டின் பந்தயத் தடம் முந்தைய ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்படும். எப்படியானாலும் அதுவரை எந்த விடுதிக்கும் முன்பணம் கட்டாதீர்கள். என்னைக் கேட்டால், பயணத்தையே ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ளுவேன். கணவாய்கள் திறந்திருக்கும், செப்டம்பர் பிறந்ததும் பள்ளிகள் தொடங்கிவிடுவதால் கூட்டமும் வாடகையும் இறங்கும், உங்களுக்கும் சேமிக்க இரண்டு மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கும். அந்த ரூ.44,000 எந்த முதலீட்டு வித்தையாலும் வராது.

இந்தச் சேமிப்பை ஃபண்டில் போட்டு வளர்க்கலாமே என்ற எண்ணமும் வரும். பயணத் தேதி நிச்சயிக்கப்பட்ட பணத்தைப் பங்குச் சந்தையில் விடக்கூடாது. சந்தை இறங்கியிருக்கிறது என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. சம்பளம் வரும் வங்கியிலேயே மாதம் ரூ.22,000 தொடர் வைப்புப் போடுங்கள். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. விசா அதிகாரி வங்கிக் கணக்கின் கடந்த சில மாத வரவு செலவைப் பார்ப்பார். மாதாமாதம் சீராகச் சேர்ந்த பணம், விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கடனாக வந்து விழுந்த ஐந்து லட்சத்தைவிட நம்பிக்கை தரும்.

பணம் நட்டமாவது பெரும்பாலும் விசாவும் முன்பதிவும் முன்பின்னாக மாறும் இடத்தில்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், குறைந்த விலை என்பதற்காக ரத்து செய்ய முடியாத அறைகளை இரண்டு வாரத்துக்குப் பதிவு செய்துவிட்டு, மே மாதத்தில் விசா மையத்தில் நேரம் கிடைக்காமல் அலைந்தார். பயணத் தேதிக்கு நான்கு நாள் கழித்து விசா வந்தது, ரூ.1.1 லட்சம் போனது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். நீங்கள் இறங்குவது சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவாக இருந்தாலும், அதிக நாட்கள் தங்குவது பிரான்ஸில் என்பதால் பிரெஞ்சு விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, சற்றுக் கூடுதல் விலை என்றாலும் ரத்து செய்யக்கூடிய சீட்டும் அறையும் மட்டுமே எடுங்கள். அந்தக் கூடுதல் விலையையும் காப்பீட்டுக் கட்டணமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, விசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச மருத்துவக் காப்பு 30,000 யூரோ. அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் மலிவான பாலிசியோடு நிற்காதீர்கள். விலக்குகள் பட்டியலில் ‘சாகச விளையாட்டு’ என்ற தலைப்பின்கீழ் மலைச்சாலைச் சைக்கிள் பயணம் வருகிறதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தடத்தை மாற்றிச் சுவிட்சர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ திரும்பினால் ஹெலிகாப்டர் மீட்புக்கு ஆயிரக்கணக்கான யூரோ கட்ட நேரலாம். மீட்புச் செலவு பாலிசியில் உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

யூரோவை இப்போதே மொத்தமாக வாங்க வேண்டியதில்லை, கடைசி வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். நாணய மதிப்பு எங்கே போகும் என்று எனக்கும் தெரியாது, வங்கி மேலாளருக்கும் தெரியாது. பயணத்துக்கு முந்தைய நான்கு மாதங்களில் மாதம் 300 யூரோ வீதம் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுங்கள்; மலை விடுதிகளில் கொடுக்க 250 யூரோ நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். பல கார்டுகள் அந்நிய நாணயச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடிக்கின்றன. கடையில் கார்டைத் தேய்க்கும்போது திரையில் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் சைக்கிள் லட்ச ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், புறப்படும்போது விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் வரிசை எண்ணையும் வாங்கிய ரசீதையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று நிரூபிக்க அந்த ஒரு தாள் போதும். நண்பர் மின்சாரச் சைக்கிள் ஓட்டுவதாக இருந்தால் அங்கேயே வாடகைக்கு எடுக்கட்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள், அந்தச் சைக்கிள்களின் பேட்டரிகள் அதைவிடப் பன்மடங்கு பெரியவை.

கைக்காப்பாக வைத்த தொகை செலவாகாமல் கார்டில் மிஞ்சினால், திரும்பி வந்த 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்து ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு அந்த மாதம் ரூ.22,000 மறுபடியும் உங்கள் கையில் இருக்கும். அதில் ரூ.10,000-ஐ வைப்பு நிதிக்கும் மீதியை மகளின் கல்லூரிக் கணக்கில் தொடர் வைப்பாகவும் திருப்பிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு நெருங்குவதால், ஃபண்டில் உள்ள ரூ.6.2 லட்சத்தையும் அப்போதிருந்து சிறிது சிறிதாகப் பாதுகாப்பான வைப்புக்கு மாற்றத் தொடங்க வேண்டியிருக்கும்.