கதை எழுதினவருக்கு மேசையில் என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

புதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காமிக்ஸ் விழாக்களுக்கும் கையெழுத்து நிகழ்ச்சிகளுக்கும் போவது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. காமிக்ஸ் கதை எழுதுகிறவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வரையத் தெரியாது, கதை மட்டும்தான் எழுதுவேன். என் முதல் காமிக்ஸ் வரப்போகிறது, விழாவில் ஒரு மேசையும் கிடைத்திருக்கிறது. பக்கத்து மேசைகளில் ஓவியர்கள் படம் போட்டுக் கொடுப்பார்கள், கூட்டம் அங்கேதான் நிற்கும். நான் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

பதில்: கதை சொல்லுங்கள். அதுவும் உட்காராமல் நின்றுகொண்டு சொல்லுங்கள்.

ஓவியரின் மேசையில் பார்க்க எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், பேனா ஓடுவதைப் பார்த்தாலே போகிறவர் நின்றுவிடுவார். நம்முடைய வேலையோ மாதக்கணக்கில் முன்பே, யாரும் பார்க்காத ஒரு அறையில் முடிந்துபோயிருக்கும். அதை மேசைமேல் வைத்துக் காட்ட முடியாது, வாயால்தான் காட்ட வேண்டும். என் முதல் விழாவில் எனக்கு இது தெரியவில்லை. புத்தகங்களை அழகாக அடுக்கிவைத்துவிட்டு, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நாற்காலியில் காத்திருந்தேன். மதியம் வரை ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் எழுந்து நின்று, ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, கடந்துபோன ஒருவரிடம், "அப்பா இறந்து மூன்று நாள் ஆகிறது, அவருடைய நம்பரிலிருந்து மகளுக்குப் போன் வருகிறது, இதுதான் முதல் பக்கம்" என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை, அவர் வாங்கினாரா இல்லையா என்பதுகூட இப்போது நினைவில்லை.

அன்று கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது. "இது குடும்ப உறவுகளைப் பேசும் ஒரு திகில் கதை" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார். முதல் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், இரண்டு வாக்கியம் போதும், உடனே புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். படிக்கும்போது பேசிக்கொண்டே இருந்தால் அவரால் படிக்க முடியாது, படிக்காமல் வாங்குகிறவர் அடுத்த பாகத்துக்குத் திரும்பி வரமாட்டார்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும்போது கேட்கிறவரின் கண்ணைக் கவனியுங்கள், எந்த வார்த்தையில் பார்வை பக்கத்து மேசைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். அந்த வார்த்தையை அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். ஒரே நாளில் நாற்பது ஐம்பது முறை ஒரு கதையைச் சொல்லும் வாய்ப்பு எழுத்தாளருக்கு வேறு எங்கே கிடைக்கும்? என் இரண்டாவது புத்தகத்தின் பின்னட்டை வாசகங்களை நான் வீட்டில் எழுதவில்லை, ஒரு விழாவின் மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசியாக எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேனோ அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

காட்ட ஏதாவது வேண்டும் என்றால் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். இடது பக்கத்தில் நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் பக்கம், வலது பக்கத்தில் அதே பக்கம் படமாக வந்தது. "கட்டம் 4: அவள் போனைக் கீழே வைக்கிறாள், நமக்கு அவள் கை மட்டும் தெரிகிறது" என்ற வரி எப்படிப் படமாகியிருக்கிறது என்று மக்கள் மாறிமாறிப் பார்ப்பார்கள். எழுத்தாளர் என்ன செய்கிறார் என்று பலருக்கு அந்த இடத்தில்தான் புரிகிறது. கூடவே ஓவியர் உங்கள் வரியைத் தாண்டி எங்கே போயிருக்கிறார் என்பதையும் நீங்களே விரலை வைத்துக் காட்டுங்கள், அவர் பக்கத்தில் இல்லாத நாளில் அவருக்காகப் பேச உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

கேள்வி: எனக்குக் கூச்சம் அதிகம். முன்பின் தெரியாதவரை நிறுத்திப் பேச வரவில்லை.

பதில்: அப்படியானால் முதலில் நீங்கள் கேளுங்கள். "என்ன மாதிரிக் கதை பிடிக்கும்?" என்ற ஒரு கேள்வி போதும், விழாவுக்கு வந்தவர்கள் அதைப் பேசத்தான் வந்திருக்கிறார்கள். அவர் சொல்வது உங்கள் புத்தகத்துக்குப் பொருந்தவில்லையா, பொருந்தும் மேசை எது என்று கை காட்டி அனுப்பிவிடுங்கள். மனதார அனுப்புங்கள். அந்த நேர்மையை ஆட்கள் நினைவில் வைத்திருப்பார்கள், பக்கத்து மேசைக்காரரும் வைத்திருப்பார்.

கேள்வி: இணையத்தில் ஒரு பதிவு போட்டால் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். நேரில் போய் நாள் முழுக்க நின்று என்ன கிடைத்துவிடும்?

பதில்: பில் ஃபிங்கர் கதையைச் சொல்கிறேன். பேட்மேன் 1939-இல் வந்தபோது அதை ஓவியர் பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கியவர், ஆரம்பக் கதைகள் பலவற்றை எழுதியவர். ஆனால் உருவாக்கியவர் என்று அச்சானது பாப் கேன் பெயர் மட்டும்தான், ஃபிங்கர் என்று ஒருவர் இருந்ததே வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1965-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு காமிக்ஸ் ரசிகர் மாநாட்டில் அவர் மேடையில் உட்கார்ந்து பேசினார். ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் அவரிடம் பேசித் தெரிந்துகொண்டதைக் கட்டுரையாக எழுதினார், பேட்மேனுக்குள் இந்த மனிதரின் பங்கு எவ்வளவு என்று ரசிகர்களுக்குத் தெரிய ஆரம்பித்தது அங்கேதான். ஃபிங்கர் 1974-இல் இறந்துவிட்டார். பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் அவர் பெயரை அதிகாரபூர்வமாகச் சேர்ப்பதாக அறிவித்தது 2015-இல். இடையில் 2005-இலிருந்து அமெரிக்காவின் சான் டியாகோ காமிக் கான் விழாவில் அவர் பெயரிலேயே காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கு விருது கொடுக்கிறார்கள்.

ஓவியரின் கையை அவருடைய கோட்டில் பார்க்க முடியும். எழுத்தாளரின் கையை யாராலும் பார்க்க முடியாது. ஆள் வந்து நின்று "இதை நான் எழுதினேன்" என்று சொன்னால்தான் உண்டு. ஆயிரம் பேர் பார்த்த பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைப் போடுங்கள். ஆனால் நேரில் உங்கள் குரலில் கதையைக் கேட்டு, புத்தகத்தில் உங்கள் கையெழுத்தோடு வீட்டுக்குப் போனவர், அதை நாலு பேரிடம் எடுத்துக் காட்டாமல் இருக்கமாட்டார்.

கேள்வி: புத்தகம் வெளியான பிறகு கையெழுத்துப் பயணம் போகலாம் என்று நினைத்தேன். பதிப்பகத்தில் வெளியாவதற்கு முன்பே கிளம்பச் சொல்கிறார்கள். ஏன்?

பதில்: அவர்கள் சொல்வது சரி, அதுவும் அமெரிக்க முறையில் மாத இதழாக வரும் காமிக்ஸ் என்றால் நூற்றுக்கு நூறு சரி. 1970-களின் ஆரம்பம் வரை அங்கே காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில்தான் விற்றது, விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். ஃபில் ஸ்யூலிங் என்பவர் அதை மாற்றினார்: பதிப்பகத்திடமிருந்து நேராக வாங்கிக் காமிக்ஸ் கடைகளுக்குக் கொடுப்பது, தள்ளுபடி அதிகம், ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. (இதே ஸ்யூலிங்தான் 1968-இலிருந்து நியூயார்க்கில் வருடா வருடம் காமிக்ஸ் மாநாடு நடத்தியவர். விழாவும் விற்பனையும் அந்தக் காலத்திலேயே ஒரே கையில் இருந்திருக்கின்றன.)

திருப்ப முடியாது என்பதால் கடைக்காரர் எத்தனை பிரதி வேண்டும் என்ற எண்ணிக்கையைப் பயந்து பயந்துதான் போடுவார். அந்த எண்ணிக்கையை அவர் கடைசியாகத் திருத்தக்கூடிய நாள் பெரும்பாலும் புத்தகம் வெளியாவதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பு முடிந்துவிடும். புதியவரின் முதல் இதழ் என்றால் இரண்டு, மூன்று பிரதிதான் போட்டிருப்பார். வெளியான பிறகு நீங்கள் போய் எவ்வளவு உருகிப் பேசினாலும் அந்தக் கடையில் இரண்டு, மூன்று பேருக்கு மேல் வாங்க முடியாது. அதனால் முதல் எட்டுப் பக்கங்களை மட்டும் மாதிரியாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு முந்தைய விழாக்களுக்குப் போங்கள். படித்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவரிடம், "உங்கள் கடையில் இந்தப் பெயரைச் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு கடையில் மூன்று பேர் கேட்டாலே கடைக்காரர் ஆறு பிரதி போடுவார். அந்தக் கடைக்குத்தான் வெளியீட்டு நாளில் நீங்கள் கையெழுத்துப் போடப் போக வேண்டும், உங்களுக்காகத் துணிந்தவர் அவர்.

கேள்வி: பெரிய விழாவா, சின்ன விழாவா?

பதில்: முதல் புத்தகத்துக்குச் சின்னது. சான் டியாகோ விழாவுக்கு இப்போது 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள், அதில் பெரும்பங்கு சினிமா, தொலைக்காட்சி, பொம்மைகள் பார்க்க வரும் கூட்டம். உங்கள் மேசையைத் தாண்டி ஒரு ஆறே ஓடும், ஆனால் அது வேறு எங்கோ போகிற ஆறு. அந்த விழாவே 1970-இல் சுமார் 300 பேரோடு ஆரம்பித்ததுதான். டோக்கியோவின் காமிக்கெட் விழா 1975-இல் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கியது, தாங்களே அச்சிட்டதைத் தாங்களே விற்றார்கள். எழுதினவரும் படிக்கிறவரும் மட்டும் இருக்கிற அந்த அளவு விழாக்கள் இன்னும் நடக்கின்றன, நூலகங்களில், கல்லூரிகளில், சிறு பதிப்பாளர் சந்தைகளில். அங்கே வருகிறவர் படிக்க வருகிறவர். இரண்டு மூன்று புத்தகம் வந்து, உங்கள் பெயரைத் தேடி நாலு பேர் வருவார்கள் என்ற நிலையில் பெரிய இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: கையெழுத்துக்குக் காசு வாங்கலாமா? சிலர் வாங்குகிறார்களே.

பதில்: உங்கள் புதுப் புத்தகத்தில் போடும் கையெழுத்துக்கு வாங்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தரம் பிரித்துப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதற்காகக் கொண்டுவருகிறவர்கள் வேறு. சி.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் பிரதியை 10 புள்ளி அளவில் மதிப்பிடுகின்றன, அவர்களுடைய சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்த கையெழுத்துக்கு உண்மையானது என்ற முத்திரை கிடைக்கும், அப்புறம் அந்தப் பிரதியின் விலை ஏறிவிடும். அவருக்கு அது வியாபாரம் என்றால் உங்கள் நேரத்துக்கு நீங்கள் ஒரு தொகை கேட்பதில் தவறே இல்லை. கட்டணத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள், ஆளைப் பார்த்து மாற்றாதீர்கள்.

கையெழுத்தைப் பற்றியே இரண்டு விஷயம். வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா வேண்டாம், இழுவிவிடும். பால்பாயிண்ட் அட்டையில் பள்ளம் போடும். பெயிண்ட் மார்க்கர் நல்லது, மை காயும் வரை அதன்மேல் எதுவும் படக் கூடாது. அப்புறம், பெயர் எழுதித் தரும்போது எவ்வளவு எளிதான பெயராக இருந்தாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். தன் பெயர் தப்பாக எழுதப்பட்ட புத்தகத்தைப் பார்த்தபடி "பரவாயில்லை" என்று சொன்ன ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வேறு பிரதியில் எழுதிக் கொடுத்தேன்தான், ஆனாலும்.

கேள்வி: என் கையெழுத்து நிகழ்ச்சிக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், அதில் ஒருவர் என் தங்கை. இனிமேல் போகவே மனசு வரவில்லை.

பதில்: வருத்தமாகத்தான் இருக்கும், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரம் ஒரு மேசைக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நடந்தது, ஒன்றிரண்டு முறை அல்ல. ஆனால் அன்று கடையில் வேறு யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். நீங்கள் போன பிறகு வருடம் முழுக்க வருகிறவர்களுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். அடுத்த முறை ஆள் இல்லாத அந்த நேரத்தில் அவர்களோடு பேசுங்கள், என்ன விற்கிறது, எதைக் கேட்டு வருகிறார்கள் என்று விசாரியுங்கள், அவர்கள் கேட்டால் மிச்சப் பிரதிகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வாருங்கள். வந்த மூன்று பேருக்கும் அவசரமில்லாமல் நேரம் கொடுத்திருப்பீர்கள், வரிசை நீளமாக இருந்தால் அது முடியாது. தங்கை வந்ததை எண்ணிக்கையில் கழிக்காதீர்கள்.

கேள்வி: நான் எழுத்தாளர் இல்லை, வெறும் வாசகி. எனக்குப் பிடித்த காமிக்ஸை எழுதியவர் அடுத்த மாதம் விழாவுக்கு வருகிறார். ஓவியரிடம் படம் கேட்கலாம், எழுத்தாளரிடம் போய் என்ன பேசுவது?

பதில்: எந்தப் பக்கத்தில் நின்றுபோனீர்கள் என்று சொல்லுங்கள். "நன்றாக இருந்தது" என்பதைவிட, "அந்தப் பெண் போனை எடுக்காமல் விட்ட பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்" என்று சொன்னால் போதும். வரிசையில் உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றாலும் அதைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். முடிந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, அட்டைக்குப் பதிலாக அங்கேயே கையெழுத்துக் கேளுங்கள். என்னிடம் ஒருமுறை ஒருவர் அப்படிக் கேட்டார். நான் ஏழு முறை திருத்தி எழுதிய பக்கம் அது, ஏழு முறை என்று அவருக்குத் தெரியாது.