கடற்பசுவும் கொறங்காடும்

அன்புள்ள ஐயா,

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. கடலை நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் தீராத மோகம். பாக் நீரிணைக் கடற்பசுக்களைப் பற்றி எழுதிய கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். கரையில் பிறக்காத என்னைப் போன்றவன் கடலைப் பற்றிக் கவித்துவமாக எழுதலாமா? எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பத்திரிகையெல்லாம் பிறகு. எழுதலாமா என்று அனுமதி கேட்பதும் வேண்டாத வேலை. ஒரு மாதமாக நான் அசைபோட்டுக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கட்டுரை வந்து முட்டியது. அதனால்தான் இந்தப் பதில்.

நான்கு பக்கத்தில் 'நீலம்' பதினான்கு இடத்தில் வருகிறது. எண்ணினேன். கடற்பசு மூன்றே இடத்தில். அதிலும் ஒருமுறை கடற்கன்னி என்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மாதக்கணக்காகக் கப்பலில் கிடந்த வேற்று நாட்டு மாலுமிகளின் மயக்கம் அது. நம் மீனவர்கள் கண்டது பசுவை. புல் மேய்கிறது, கன்றுக்குப் பால் கொடுக்கிறது. வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆவுளியா என்றும் சொல்வார்கள். மாட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து எழுதும் நீங்கள் பசு என்ற சொல்லை எப்படிக் கைவிட்டீர்கள்?

அதைவிடப் பெரிய பிழை, அது மேய்வதைப் 'பாசி' என்று எழுதியது. பாசி இல்லை தம்பி, புல். வேர் உண்டு, தண்டு உண்டு. நீருக்கடியிலேயே பூக்கும், மகரந்தத்தைத் தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒருமுறை சேதுபாவாசத்திரம் கரையில், காற்றுமழை ஓய்ந்த மறுநாள், அது குவியலாக ஒதுங்கிக் கிடந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நாடா போன்ற இலைகள். வெளிறிய தண்டில் கணுவுக்குக் கணு வேர், வேரில் மணல். வரப்பில் பிடுங்கிய அறுகு போலவே இருந்தது.

அந்த இடத்தில் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, நினைவுக்கு வந்தார். தாராபுரம் பக்கம் எட்டு ஏக்கர் கொறங்காடு, வேலியடைத்த மேய்ச்சல் நிலம், அவருக்கு. சுற்றிலும் கிளுவை வேலி, ஊடே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காலையில் படலைத் திறக்கும் முன் குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். வேர் கையோடு வந்தால் படல் திறக்காது. மாடுகளுக்கு அன்று கட்டுத்தரையில் சோளத்தட்டுதான். மழை பெய்து தூர் பிடிக்கும்வரை ஒரு கன்றைக்கூட உள்ளே விடமாட்டார். சிறுவனாக இருந்த எனக்கு அது கஞ்சத்தனமாகத் தோன்றியது.

கடற்பசுவோ வேரோடுதான் மேயும். கீழே மடிந்த தடித்த உதட்டால் மணலைக் கிளறிக்கொண்டே போகும். அது போன தடம் கடலடியில் ஏர் ஓட்டிய சால் மாதிரி கிடக்கும். ஆனால் சாலுக்குச் சால் இடையே புல் நிற்கிறது. அதிலிருந்து தண்டு ஓடி மறுபடி மூடிக்கொள்ளும். அந்த இளம்புல்லுக்கு மாடு திரும்பி வரும். இழுவை வலை இடைவெளி விடாது, அடித்தரையை வழித்துக்கொண்டு போகும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டில் இதுவே முதல். அறிவிப்பைப் படித்தபோது, படலைத் திறக்காமல் திரும்பி நடக்கும் அப்புச்சியைத்தான் பார்த்தேன்.

அதே கரையில் ஒரு மீனவப் பெரியவர், வலையில் மாட்டிய கடற்பசுவை வலையை அறுத்து விட்டதைச் சொன்னார். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி; வலைக்குள் அமிழ்ந்தால் சில நிமிடங்களில் போய்விடும். ஈன்றால் ஒரே கன்று, அடுத்த ஈற்றுக்குப் பல வருடம். இருட்டில் படகை ஒட்டி அது விட்ட மூச்சுதான் அவருக்கு நினைவில் நின்றது. புஸ்ஸென்று, ஈரமாக. நடுராத்திரியில் கட்டுத்தரைப் பக்கம் போனால் நமக்குக் கேட்குமே, அதுதான். உங்கள் நான்கு பக்கத்தில் அந்த மூச்சு எங்கே?

ஒரு வரி மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. அலை திரும்பும்போது காலடி மணல் நழுவியது, களத்தில் சோளக் குவியல்மேல் ஏறி நின்றதுபோல இருந்தது என்கிறீர்கள். அது உங்கள் வரி, கண்ணு. வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அப்புச்சி காலமான பிறகு கொறங்காட்டை மாமன்மார் விற்றுவிட்டார்கள். கிளுவை வேலியை இயந்திரம் ஒரே பகலில் பிடுங்கிப் போட்டது. இப்போது அங்கே மனைக்கற்கள் நிற்கின்றன. உங்கள் வீட்டுக் கொறங்காடு இன்னும் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே.